மூடி கொண்டு வாங்க

அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், என் தம்பி. எதிர்வீட்டு அக்கா காலையிலிருந்தே வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்; உள்ளே வராததால் அவரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று எனக்கு இன்னமும் குழப்பம்தான். மத்தியானத்துக்கு மேல் தெருவே வந்துவிட்டது. ஐந்து மணிக்கு வீட்டு ஓனர் சாவி வாங்க வந்தார். சின்னம்மா மட்டும் இல்லை. அவருக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. கடலூர் முதுநகரில், ஜங்ஷனுக்குப் பின்னால் இருக்கிற தெருவில், இரண்டு அறையும் ஒரு சமையல்கட்டும் உள்ள வாடகை வீட்டில் தனியாக இருந்தார். பிள்ளை இல்லை. சித்தப்பா சீக்கிரமே போய்விட்டார். சத்துணவுக் கூடத்தில் ஆயா வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் அம்மாவும் இல்லாததால், வீட்டைக் காலி செய்கிற பொறுப்பு எனக்கும் தம்பிக்கும் வந்தது. நான் சிதம்பரத்தில் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். தம்பி காடாம்புலியூரில் பெண் எடுத்து அங்கேயே முந்திரி வியாபாரத்தில் இருக்கிறான். என் வீட்டுக்காரர் வாடகைக்கு எடுத்து ஓட்டும் குட்டியானை லோடு வண்டியில்தான் நாங்கள் வந்திருந்தோம். இது 2008இல்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். அதனாலோ என்னவோ, எதை எடுத்தாலும் முதலில் அதில் என்ன தப்பு நடக்கும் என்றுதான் எனக்குத் தோன்றும். வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாண்டு வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து பார்த்திருக்கிறேன். அன்று காலை வண்டியில் வரும்போதும் கவலைகள் வரிசையாக நின்றன. பீரோ கதவு வழியாக வருமா, சுவரில் ஆணி அடித்த ஓட்டைக்கு ஓனர் அட்வான்ஸில் பிடிப்பாரா, சிலிண்டரை யாரிடம் ஒப்படைப்பது. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் அடியில் வேறொன்று கிடந்து உறுத்தியது.

காரியத்தன்று தெருக்குழாயில் கை கழுவப் போனேன். நான் நிற்பது தெரியாமல் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“பரண்மேல நம்ப தெரு பாத்திரம் எவ்ளோ கெடக்குதோ.”

“அந்தம்மா ஊட்டுக்குள்ள போன பாத்திரம் என்னிக்கினா வெளிய வந்துருக்கா? பாவம், செத்தவங்கள சொல்லக் கூடாது. ஆனா கை அப்பிடி.”

கடைசியாகச் சொன்னவர் முனைவீட்டு அம்மா. ‘கை அப்பிடி’ என்றால் என்ன அர்த்தம் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கையைக் கழுவாமலேயே திரும்பி வந்துவிட்டேன். சாவியை ஓனரிடம் கொடுத்துவிட்டால் அந்தத் தெருவில் எங்களுக்கு வேலை முடிந்துவிடும். அதற்குப் பிறகு சின்னம்மாவுக்கு அங்கே மிஞ்சப்போவது அந்த ஒரு சொல்தான்.

தம்பி பரணில் ஏறி முதல் சாக்கை இறக்கினான். பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. எல்லாம் எவர்சில்வர். கிண்ணம், போசி, தூக்கு, சம்படம், குண்டான். ஒவ்வொன்றும் பழைய பேப்பரில் சுற்றி, முகம் பார்க்கலாம் போலப் பளபளவென்று. அடியில் யார் யாருடைய பெயரெல்லாமோ வெட்டியிருந்தது. ஒன்றில்கூட சின்னம்மா பெயர் இல்லை. ஒன்றுக்கும் மூடி இல்லை.

அப்படியானால் குழாயடியில் சொன்னது உண்மைதானா?

சமையல்கட்டில் இன்னொரு வேடிக்கை. அடுப்புக்கு மேலே ஆணியில் ஒரு சரம் தொங்கியது. காதில் கயிறு கோத்த மூடிகள். பெரிதும் சிறிதுமாக ஏகப்பட்ட மூடி. வைத்துப் பார்த்தால் பரண் பாத்திரம் எதற்கும் பொருந்தவில்லை; அவற்றுக்கான பாத்திரம் ஒன்றுகூட வீட்டில் இல்லை.

“மேல மூடி இல்லாத பாத்திரம், கீழ பாத்திரம் இல்லாத மூடி. நல்ல குடும்பம்க்கா நம்பளுது” என்று தம்பி சிரித்தான். “மாமா, எல்லாத்தையும் வண்டில ஏத்துங்க. போற வழில எடைக்குப் போட்டுடலாம். வண்டி வாடகை வந்துடும்.”

“நல்ல யோசனை மச்சான்” என்றார் என் வீட்டுக்காரர். சாக்கைத் தூக்கவும் போய்விட்டார்.

“வைங்க கீழ” என்றேன். என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது. “அடுத்தவங்க பாத்திரத்த எடைக்குப் போட்டா, அவங்க சொன்னது நிஜமாயிடும்.”

அப்போதுதான் வாசற்படியில் இருந்த எதிர்வீட்டு அக்கா வாயைத் திறந்தார். “அதுல ரெண்டு என்னிது. கேக்கலாம்னு நெனப்பேன், அவ மொகத்தப் பாத்தா கேக்க வராது. வருஷா வருஷம் பொங்கலுக்கு முந்தின நாளு எல்லாத்தையும் எறக்கி வெளக்கி, மறுபடி ஏத்துவா. நாந்தான் ஸ்டூலப் புடிச்சிப்பேன். ‘குடுத்துடேன்டி’ன்னா, ‘வெறும் பாத்திரத்த எப்பிடிக் குடுக்கறது, இந்தப் பொங்கலுக்கு எதனா செஞ்சி போட்டுக் குடுக்கறேன்’னுவா. அந்தப் பொங்கலும் போயிடும்.”

எங்கள் பக்கத்தில் யாராவது ஒரு கிண்ணம் பாயசம் கொடுத்தனுப்பினால், அந்தக் கிண்ணம் திரும்பும்போது வெறுமையாகத் திரும்பக் கூடாது. நாலு முறுக்கு, ஒரு பிடி சர்க்கரை, எதுவும் இல்லாவிட்டால் இரண்டு வாழைப்பழமாவது உள்ளே இருக்க வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு சின்னம்மாவுக்கு வந்த பணம் மாத்திரைக்கும் வாடகைக்குமே சரியாக இருந்தது. தெருவோ கொடுப்பதை நிறுத்தவில்லை. ஒரு நல்லது என்றால் தனியாக இருக்கிற அம்மாவுக்கு ஒரு போசி போய்விடும். வந்த பாத்திரத்தை நிரப்ப வழியில்லை, வெறுமையாகக் கொடுக்க மனசில்லை. பரண் நிரம்பிவிட்டது.

சமையல்கட்டு டப்பாக்களைத் திறந்து பார்த்தேன். சர்க்கரை டப்பா துடைத்து வைத்தது போல இருந்தது.

சாயங்காலத்துக்குள் இத்தனையையும் நிரப்பித் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். வழக்கமாக ஒரு முடிவு எடுக்க எனக்கு ஒரு வாரம் ஆகும்.

தெருமுனை மளிகைக்கடை பாயிடம் போனேன். ரவை, சர்க்கரை, டால்டா, கொஞ்சம் நெய், ஏலக்காய், கேசரி பவுடர். கையில் இருந்த பணம் டீசலுக்கும் வண்டி வாடகைக்கும் என்று எடுத்து வைத்தது. கடன் கேட்க எனக்கு நாக்கு புரளவில்லை. பாயே கேட்டார்.

“எழுதிக்கட்டுமா?”

“சிதம்பரத்துலேர்ந்து வந்து குடுத்துடறேன் பாய். கண்டிப்பா.”

“உங்க சின்னம்மா ஒரு நா கடன்னு வாயத் தொறந்து கேட்டதில்லம்மா. ஒரு கிலோ சக்கர கேட்டிருந்தா அந்தப் பரண் என்னிக்கோ காலியாயிருக்கும். நீயாவது கடன் வையி.”

துண்டு முந்திரி தம்பியிடம் ஒரு பையே இருந்தது. சின்னம்மா சத்துணவுக்கூடத்தில் பழகிய கை என்பதால் வீட்டில் ஒரு பெரிய அலுமினிய தேக்சா இருந்தது. அதில்தான் கிண்டினேன். கிளறுவதைவிட சிலிண்டரைத் தூக்கிப் பார்த்ததுதான் அதிகம். பாதியில் கேஸ் தீர்ந்தால் என்ன செய்வது? துக்க வீட்டுக் கேசரியை யாராவது வாங்குவார்களா? இதை வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

“காரியம் முடிஞ்சிடுச்சில்ல? அப்பறம் இன்னா தீட்டு?” என்று வாசலிலிருந்தே எதிர்வீட்டு அக்கா தீர்ப்புச் சொன்னார். கேஸும் தீரவில்லை.

முதல் சம்படத்தை நிரப்பிக்கொண்டு முனைவீட்டுக்கே போனேன். அடியில் அந்த வீட்டுப் பெயர்தான் இருந்தது. அந்த அம்மா கையில் இதைக் கொடுத்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம் என்று நினைத்தேன். அவர் சம்படத்தைத் திருப்பிப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

“இன்னாம்மா இது? எம் பொண்ணு காதுகுத்துக்கு வந்தவங்களுக்கெல்லாம் நாங்க குடுத்தது இது. பேரு போட்டு ஆசையா ஒங்க சின்னம்மாவுக்குக் குடுத்தோம். குடுத்தத திருப்பிக் குடுக்கறியே, எங்க மரியாத வேணாம்னு சொல்றியா?”

“இல்லீங்கம்மா, பேரப் பாத்து...”

“பேரப் பாத்தா? தெருவுல பாதி ஊட்ல எம் பேரு போட்ட சம்படம் கெடக்குது. எல்லாத்தையும் கொண்டாந்து குடுப்பியா?”

சம்படத்தோடு திரும்பி நடந்தேன். காது இரண்டும் எரிந்தது. பாத்திரத்தில் வெட்டியிருக்கிற பெயர் அதைக் கடையில் வாங்கியவருடையது. விசேஷத்தில் கைமாறி, பாயசத்தோடு இன்னொரு கைமாறி, கடைசியில் அது யாருடையது என்பதைப் பெயர் சொல்லாது. தவறான வீட்டில் கொடுத்தால் அவமானம். சரியான வீட்டுக்குப் போகாவிட்டால் திருட்டு. மணி இரண்டு.

“சொன்னேன்ல?” என்றான் தம்பி. “தெருவுல பரப்பி வச்சி எடுத்துக்கச் சொல்லு. ஆனா ஆளாளுக்கு அள்ளிக்கினு போயிடுவாங்க. ஒனக்கு அதுக்கும் கவல வரும்.”

கவலை வந்துதான் விட்டது. யார் உண்மையான ஆள், யார் சும்மா கேட்கிறவர், எப்படிக் கண்டுபிடிப்பது? உட்கார்ந்து பாத்திரங்களையே வெறித்துக்கொண்டிருந்தேன். மூடி இல்லாத வாய்கள் எல்லாம் என்னையே பார்த்தன.

மூடி ஏன் இல்லை? நான் யாருக்காவது குழம்பு கொடுத்தனுப்பினால் மூடி போட்டா அனுப்புகிறேன்? மூடி போனால் திரும்பாது என்று பயந்து, வாழை இலைத் துண்டையோ தட்டையோ வைத்து மூடி அனுப்புவேன். மூடி என் வீட்டிலேயே இருக்கும். கவலைப்படுகிறவள் நான் ஒருத்தி மட்டும்தானா? இந்தத் தெருவில் எல்லாரும் அப்படித்தான்.

“அக்கா!” என்று வாசலைப் பார்த்துக் கத்தினேன். “தெருவுல சொல்லுங்க. யாருக்குப் பாத்திரம் வேணுமோ, மூடி கொண்டு வாங்க. மூடி எதுக்குப் பொருந்துதோ அத எடுத்துக்கலாம். உள்ள கேசரி இருக்கு!”

அக்கா அதுவரை படியைவிட்டு அசையாதவர், எழுந்தார் பாருங்கள்! தெரு முழுக்க அவர் குரல் போனது. வாசலில் சின்னம்மாவின் கோரைப்பாய்களை விரித்து, பாத்திரங்களை வரிசையாக வைத்து நிரப்பினோம். மூடிச்சரத்தைத் தம்பி வேடிக்கைக்காக வாசற்கதவில் மாட்டினான்.

முதலில் வந்தவர் அக்காவேதான், இரண்டு மூடியோடு. இரண்டும் டக்கென்று உட்கார்ந்தன. கேசரியைத் திறந்து மோந்து பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே, “நெய்யி கம்மிதான்” என்றார்.

பிறகு வரத் தொடங்கினார்கள். மூடிகளின் சத்தம் தெருவெல்லாம் கேட்டது. ஒரு போசிக்கு இரண்டு பேர் சண்டை.

“இது என்னிதுடி, என் மாமியார் ஊட்லேர்ந்து கொண்டாந்தது.”

“ஒன்னிதுன்னா மூடியப் போடு, பாக்கலாம்.”

போட்டார். மூடி ஆடியது. மற்றவர் போட்டார். அது மேலேயே நின்றது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். அது இருவருடையதும் இல்லை. என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர் மாதிரி நின்றுகொண்டு, “மூடி இல்லாதவங்க ஏறாதீங்க, மூடி இருக்கறவங்க உள்ள வாங்க” என்று கத்திக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. “பரணுக்குப் போன பாத்திரம் பட்டாபிஷேகம் ஆயி வருது” என்று யாரோ சொல்ல, கோரைப்பாய்க்கு முன்னால் ஒரே சிரிப்பு. கூட்டத்தில் ஒருவர்கூட ‘கை அப்பிடி’ என்று சொல்லவில்லை. எல்லாரும் கையெல்லாம் கேசரியாக நின்றார்கள்.

அந்த நேரத்தில் தேவனாம்பட்டினத்திலிருந்து எப்போதாவது இந்தத் தெருவுக்கு மீன் கொண்டுவருகிற அம்மா காலிக் கூடையோடு ஜங்ஷன் பக்கம் போய்க்கொண்டிருந்தவர், நின்றார். அவர் பாத்திரங்களைப் பார்க்கவில்லை. கதவில் தொங்கிய மூடிச்சரத்தைப் பார்த்தார்.

“இது அந்த ஆயாம்மா மூடியா?”

“ஆமாம்மா. எங்க சின்னம்மா. தவறிட்டாங்க.”

கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு வேகமாகப் போய்விட்டார். எனக்கு உடனே பயம் பிடித்துக்கொண்டது. அங்கேயும் ஏதாவது பாத்திரம் வாங்கி வைத்திருக்கிறாரா சின்னம்மா? அதற்கு எங்கே போவேன்?

நாலரை மணிக்கு ஒரு ஷேர் ஆட்டோ தெருவுக்குள் திரும்பியது. அதே மீன்கார அம்மா. கூட இன்னும் இரண்டு பெண்கள். கூடை இப்போது காலியாக இல்லை. ஒரு பெரிய தூக்கு, குண்டான்கள், ஒரு அடுக்குப் பாத்திரம். எல்லாம் வாயில் துணி கட்டியிருந்தது.

“சுனாமி வந்த வாரம், நாங்க மண்டபத்துல கெடந்தோம்” என்றார். “எங்க புள்ளைங்களுக்கு இதுலதான் சோறு வந்துச்சி. தெனம் ஒரு பாத்திரமா கொண்டாந்து வச்சிட்டு, ‘பாத்திரம் அப்பறம் வாங்கிக்கறேன்’னு போவாங்க. அவங்க கேக்கவே இல்ல. வெறும் பாத்திரத்த எப்பிடிக் குடுக்கறது? அப்ப எங்கூட்ல இன்னா இருந்துச்சி? அப்பறம் தகர ஷெட்டுக்குப் போனோம், புது ஊட்டுக்குப் போனோம். இந்தத் தெருவுல மீன் விக்க வரப்பல்லாம் அந்தம்மா கதவப் பாத்தா எனக்குக் கூச்சமா இருக்கும். நாளைக்கு, நாளைக்குன்னு இருந்துட்டேன்.”

துணியை அவிழ்த்தார். நெத்திலிக் கருவாடு, சுறாக் கருவாடு, உப்புக்கண்டம். கதவிலிருந்து சரத்தை எடுத்து, முதல் மூடியை அவரே அந்தப் பெரிய தூக்கின்மேல் வைத்தார். டக்.

அதற்குப் பிறகு தெருக்காரர்கள் ஒருத்தர் பின் ஒருத்தராகத் தங்கள் வீட்டுக்குள் போய், ஆளுக்கொரு பாத்திரத்தை நிரப்பி எடுத்து வந்தார்கள். சுனாமி சமயத்தில் கரையோரத்துச் சொந்தக்காரர்கள் அந்தத் தெருவில் எல்லார் வீட்டிலும் வந்து தங்கியிருந்தார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆள் பெருகிய வீடுகளுக்கெல்லாம் சின்னம்மாவின் குண்டான் போயிருக்கிறது. அவையும் அங்கங்கே பரணில்தான் இருந்திருக்கின்றன. வெறுமையாகக் கொடுக்கக் கூச்சப்பட்டு எல்லாரும் ஏற்றி வைத்திருந்தார்கள்.

கடைசியாக முனைவீட்டு அம்மா வந்தார். கையில் ஒரு அகலமான குண்டான், நிறைய அதிரசம். வீட்டில் யாருக்கோ சீர் வைப்பதற்காகச் சுட்டது என்று பிறகு தெரிந்தது. என் முகத்தைப் பார்க்காமல் சரத்தில் மிச்சமிருந்த மூடிகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். மூன்றாவது பொருந்தியது.

“எந் தங்கச்சி குடும்பம் பத்து நாளு எங்கூட்லதான் இருந்துச்சி” என்றார். “அப்ப வந்தது.”

“இருக்கட்டுங்கம்மா.”

“மத்தியானம் கொண்டாந்தியே, அந்தச் சம்படம். அத எடு.” எடுத்துக் கொடுத்தேன். அதற்கு உரிய மூடி எங்கேயும் இல்லை. இடுப்பிலிருந்து புது மூடி ஒன்றை எடுத்துப் போட்டு, என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். “இது ஒங்க சின்னம்மாவுது. நீ வச்சிக்க. யாரு கேட்டாலும் நாங் குடுத்ததுன்னு சொல்லு.”

சொன்னதை யாரும் கேட்கவில்லை என்று நினைத்தேன். எதிர்வீட்டு அக்கா கேட்டுவிட்டார். “எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுடி, கொழாயடில சொன்ன மாதிரி” என்றார். தெரு சிரித்ததில் முனைவீட்டு அம்மாவும் சிரித்துவிட்டார்.

ஐந்து மணிக்கு ஓனர் வந்தபோது, காலியாக வேண்டிய வீட்டு வாசலில் திருவிழாக் கூட்டம். ஆணி ஓட்டைகளை எண்ணப் போகிறார் என்று நான் தயாராக நின்றேன். அவர் கோரைப்பாயில் மிச்சமிருந்த ஒரே டவராவைப் பார்த்தார்.

“இது எங்கூட்டுது மாதிரி இருக்குதே?”

“மூடி கொண்டாங்க ஓனர்!” என்று தெருவே கத்தியது. டவராவுக்கு மூடி கிடையாது என்று அவர் வாதாடினார். கேசரியோடு கொடுத்துவிட்டோம். சாவியை வாங்கிக்கொண்டு அட்வான்ஸை முழுசாக எண்ணிக் கொடுத்தார். சுவரைப் பார்க்கக்கூட இல்லை.

பீரோவும் கட்டிலும் ஏறிய பிறகு வண்டியில் மிச்சம் இருந்த இடமெல்லாம் சின்னம்மாவின் பாத்திரங்கள். ஒவ்வொன்றும் மூடியோடு. ஒவ்வொன்றும் நிறைய. ஆலப்பாக்கம் தாண்டும்வரை கருவாடும் அதிரசமும் சேர்ந்த ஒரு வாசனை. வீட்டைக் காலி செய்யப் போனவர்கள் போனதைவிட நிறைய ஏற்றிக்கொண்டு வருகிறோமே என்று என் வீட்டுக்காரர் வழியெல்லாம் சொல்லிச் சிரித்தார். எனக்குப் பூட்டைப் பற்றி ஒரு தடவைகூட நினைப்பு வரவில்லை. எப்படி வரும், சாவிதான் என்னிடம் இல்லையே!

இன்று சிதம்பரத்தில் எங்கள் சந்தில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் அந்தப் பெரிய தூக்கைத்தான் கேட்கிறார்கள். கொடுத்தனுப்புகிறேன். மூடியோடுதான்.

பாய் கடைக் கணக்குதான் தீரவில்லை. மறுமாதமே முழுப் பணத்தோடு போனேன். கடன் என்றால் எனக்குத் தூக்கம் வராது. பாய் வாங்கவில்லை.

“மொத்தமா குடுத்துட்டீன்னா அப்பறம் நீ எதுக்கு இந்தத் தெருவுக்கு வரப்போற? வரப்பல்லாம் கொஞ்சங் கொஞ்சமா குடு. ஜாஸ்தி குடுத்தா வாங்க மாட்டேன்.”

அப்படியே செய்து வருகிறேன். போனால் எதிர்வீட்டு அக்கா வீட்டில் காபி, முனைவீட்டு அம்மா வீட்டில் சாப்பாடு. நாலு வருஷம் ஆகிவிட்டது. போன மாசம் கொடுத்தது போக, பாய்க்கு நான் தர வேண்டிய பாக்கி நாற்பத்தைந்து ரூபாய்.